மூன்றாம் குரல்

மெக்கானிக் சக்கரபாணியின் ஷெட்டை விட்டு வண்டி வெளியே வந்தபோது, முருகவேல் புதுமாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். செங்கம் சாலையில் ஒரு விடுதிக்கு மேனேஜர் அவன். வெந்நீர் வரவில்லை, வைஃபை வரவில்லை என்று மலையைத் தேடி வந்தவர்கள் சொல்லும் புகார்களைக் கேட்டே அவன் காலம் போயிற்று. அவனுக்கென்று இருந்த ஒரே கிறுக்கு இந்த டர்போ ஹாட்ச்பேக் கார். கம்பெனிக்காரன் கொடுத்த வேகம் போதாது என்று சக்கரபாணியிடம் கொண்டுபோய் விட்டிருந்தான்.

சக்கரபாணி இரண்டு வேலை செய்திருந்தான். என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரைத் திருத்தி ரீமேப் போட்டான். பிறகு, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் பக்கத்தில் ஒரு வால்வு மாட்டினான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், உள்ளே அடைபட்ட காற்று அந்த வால்வு வழியாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். அதனால் வண்டி ஒன்றும் வேகமாகப் போய்விடாது. அந்தச் சத்தத்துக்காகவேதான் ஆசைப்பட்டு மாட்டுகிறார்கள்.

"ரீமேப் போட்டா எல்லாத்துக்கும் வேலை ஜாஸ்தி ப்ரோ. ஆயில சீக்கிரம் மாத்திடு. உச்சி வெயில்ல போட்டு மிதிக்காத. க்ளட்ச் எத்தினி நாள் தாங்கும்னு என்னாண்ட கேக்காத," என்றான் சக்கரபாணி.

"வால்வு?"

"அது செகண்ட்ஸ். ஒரு ஆக்சிடெண்ட் வண்டிலேர்ந்து எடுத்தது. பொருள் சுத்தமா கீது."

அந்த வண்டியில் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று முருகவேல் கேட்கவில்லை. ஆசைப்பட்ட சாமான் கைக்கு வரும்போது அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

கீழ்பென்னாத்தூரில் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஹாரன் அடித்து மனைவி சரசுவை ஏற்றிக்கொண்டான். அவள் டவுனில் ஒரு மெடிக்கலில் வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு முறை பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பாள். புருஷனையும் அப்படித்தான் பார்ப்பாள். பின் சீட்டில் அவன் அம்மா ஜோதியம்மாள் ஏறினாள். திண்டிவனம் சாலையில் வண்டியை விரட்டிவிட்டுக் காலை எடுத்தான்.

ஸ்ஸ்ஸூ.

"இன்னாங்க இது, குக்கர் மாதிரி?" என்றாள் சரசு.

"குக்கராம். உன் பேரைச் சொல்லுதுடி. நல்லா கேளு. ச...ர...ஸ்ஸூ."

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கு அது போதும். வேகத்தடை வரும்போதெல்லாம், "தோ, கூப்புடுது பார்" என்று சீண்டினான். பின்னாலிருந்து ஜோதியம்மாள்தான் முகத்தைச் சுளித்தாள்.

"ஏன்டா, பொண்டாட்டி பேரை வண்டிக்குச் சொல்லிக் குடுக்குற? எதுக்கு எது காது குடுக்கும்னு யாருக்குத் தெரியும்? ஏம்மா சரசு, யாராச்சும் பேர் சொல்லிக் கூப்ட்டா உடனே ஏன்னு கேட்டுடாத. காத்து கருப்புங்க ரெண்டு தரம்தான் கூப்புடும். மூணாவது தரம் கூப்புட அதுங்களால ஆவாது. மூணு தரம் கேட்டா மனுசன். அப்புறம் வாயத் திற."

"சரிங்கத்த," என்றாள் சரசு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பத்துப் பதினைந்து நாள் அந்த விளையாட்டு நடந்தது. வண்டி சீறும்; அவன் முன்னால் இரண்டு எழுத்தைச் சேர்ப்பான்; அவள் அவன் தொடையில் ஓர் அடி வைப்பாள். அதைவிடச் சந்தோஷமாக அவர்கள் இருந்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சோமாசிபாடி தாண்டி ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. முருகவேல் காலை எடுத்தான். அன்று அவன் வாயைத் திறக்கவில்லை.

சரசு.

மூன்று எழுத்தும் கேட்டன.

கண்ணாடி இறக்கியிருந்தது. வயல்பக்கத்துக் காற்றோடு என்னவோ கருகின வாசனை உள்ளே வந்தது. சரசு அவனைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா," என்று பொய் சொன்னான்.

வீட்டையொட்டி இருந்த தகர ஷெட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவைப் பூட்டினான். என்ஜின் சூடு அடங்கும் டிக் டிக் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

பானட்டுக்கு அடியிலிருந்து, மெதுவாக, பக்கத்தில் படுத்திருப்பவர் கூப்பிடுவது மாதிரி.

சரசு.

அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. அப்போது முருகவேலுக்கு வந்தது வெறும் பயம் இல்லை. தன் கையாலேயே எதையோ வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டோம் என்கிற வயிற்றெரிச்சல்.

மறுநாளே வண்டியைச் சக்கரபாணியிடம் விட்டான். "லீக் இருக்கும் ப்ரோ. உள்ள ரப்பர் போயிருந்தா ஆஃப் பண்ணப்புறமும் காத்து கசியும். செகண்ட்ஸ்ல இதான் தொல்லை," என்றான் சக்கரபாணி. அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. வால்வைக் கழற்றிப் பழைய இரும்பு டிரம்மில் போட்டான். ரீமேப்பை அழித்தான். கம்பெனி வால்வையே திரும்ப மாட்டினான். வண்டி ஷோரூமில் இருந்து வந்தது போலச் சாதுவாக ஓடியது. காலை எடுத்தால் மூச்சுகூட விடவில்லை.

அன்றைக்கு ராத்திரி சரசு நன்றாகத் தூங்கினாள். முருகவேல் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். இவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வண்டியை யாருக்காவது தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தான். இரண்டொரு நாளில், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஓர் ஆளும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். முருகவேல் மொட்டை மாடியில் மல்லாட்டைக் கடலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். கீழே சமையல்கட்டில் சரசு மிக்ஸி ஓட்டுவது கேட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

மிக்ஸி நின்றது.

"சரசு."

ஷெட்டிலிருந்து வந்தது. வால்வின் சீறல் இல்லை. ஆண் குரல்.

அவனுடைய குரல்.

கடைசி எழுத்தை இழுத்து, சீண்டி, அவன் எப்படிச் சொல்வானோ அப்படியே.

கையிலிருந்த மல்லாட்டை சிதறி விழுந்தது. கீழே பாத்திரச் சத்தம் இல்லை. அவளும் கேட்டுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அத்தை சொன்னதை நினைத்துக்கொண்டு நிற்கிறாள். கெட்டிக்காரி. அப்படியே இரு.

"சரசு."

இரண்டு.

இதோடு முடிந்தது, இனி அதனால் ஆகாது என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. கைப்பிடிச் சுவரண்டை ஓடிப்போய்க் கீழே எட்டிப் பார்த்தான். அவள் புழக்கடை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் ஷெட்டைப் பார்த்து இருந்தது. போய்விடுவாள் போலிருந்தது. போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவசரத்தில் முதலில் வந்தது பேர்தான்.

"சரசு!"

அவன் சொன்னது அவனுக்கே கேட்டது.

மூன்று.

அவள் முகம் தெளிந்தது. பயந்த மனுஷிக்கு உயிர் வந்த மாதிரி ஒரு சிரிப்பு.

"தோ வரேங்க," என்றாள், ஷெட்டைப் பார்த்து.

அவன் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. மாடிப்படியில் விழுந்து, எழுந்து, முழங்கால் சதை கிழிய ஓடினான். ஷெட்டுக்குள் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சீறல். நீளமான சீறல். இந்த முறை காற்று வெளியே வரவில்லை. உள்ளே போயிற்று.

சரசு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சீட் பெல்ட் போட்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கையில் மசாலா ஈரம்கூடக் காயவில்லை. பானட்டில் கை வைக்க முடியாத கொதிப்பு. சாவி அவன் பையில் இருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். இந்த வயதுக்கு எல்லாம் வருகிறது, வெயில் வேறு என்றார். முருகவேல் யாரோடும் வாதம் செய்யவில்லை. கூப்பிட்டது நான்தான் என்று மட்டும் அம்மாவிடம் ஒரு முறை சொன்னான். ஜோதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வண்டியைக் காயலான் கடைக்காரனிடம் கொடுத்து, கண்ணெதிரிலேயே நசுக்கச் சொன்னான். நசுக்கி முடிக்கும்வரை நின்று பார்த்தான். ஷெட்டைக் கழுவிவிட்டான். தரையில் இருந்த எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஷெட் பக்கமிருந்து வந்தது.

"ஏங்க."

அவளேதான். வேலைக்கு நேரமாகிவிட்டால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கூப்பிடும் அதே குரல்.

ஜோதியம்மாள் வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"ஏங்க."

பிறகு ஒன்றும் இல்லை. மூன்றாவது வரவில்லை.

"வாயத் திறக்காதப்பா," என்று ஜோதியம்மாள் கிசுகிசுத்தாள். "அது அவ இல்ல. அதால மூணாவது கூப்புட ஆவாது."

அதிலிருந்து தினமும் உச்சிப் பொழுதில் வந்தது. இரண்டு தரம். அவன் வேலைக்குப் போவதை விட்டான். அந்த இரண்டு குரலுக்காகவே காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். அது அவள் இல்லை என்று அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவள் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

ஒரு நாள் ஜோதியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். முருகவேல் புழக்கடை வாசற்படியில், சரசு நின்ற அதே இடத்தில், உட்கார்ந்திருந்தான். எதிரே காலி ஷெட். தகரம் வெயிலில் முறுகியது.

"ஏங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏங்க."

கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு அவள் சொல்வது போலவே, கடைசியை லேசாக இழுத்து, மூன்றாவதைத் தானே சொன்னான்.

"ஏங்க."

தொண்டையைச் சரிசெய்துகொண்டு பதிலும் சொன்னான்.

"தோ வரேம்மா."

காலி ஷெட்டுக்குள் ஒரு கார்க் கதவு திறந்தது.