சிவப்பு வெளுக்கும், பச்சை கறுக்கும்

வேடியப்பன் வந்து சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் நடந்தே வந்திருந்தார். பஸ் ஏது? எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியதிலிருந்து சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கடைத்தெருவில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை.

முன்பக்கம் ஸ்டுடியோவும் பின்பக்கம் குடித்தனமுமாக இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டின் வாசலில் நின்று, தோளில் தொங்கிய துண்டு மூட்டையை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு கேமரா.

எழில்மதி வாசற்படி இறங்கி வந்தாள். அவள் கணவன் தமிழழகனின் கேமரா அது. காலண்டர் போடும் அச்சகக்காரர் ஒருவர் மலைக்காட்சிகள் வேண்டுமென்று கேட்க, மறியலுக்கு முந்தின நாள் கலர் ரோல் போட்டுக்கொண்டு மலையேறியவன். இன்னும் வீடு திரும்பவில்லை.

"இது எங்கீங்கண்ணா கெடச்சிது?"

"ஓடப் பக்கம், மரக்கெளையில தொங்கிக்கினு இருந்திச்சி தாயி. ஆளக் காணம். கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன். எங் கொரலுதான் திரும்பி வந்திச்சி. உறையில ஒங்க கட பேரு போட்டிருக்குன்னு எங்கூரு வாத்தியாரு படிச்சிச் சொன்னாரு."

கேமராவை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். ஈரத்தில் அழுகிய இலையின் வாடை அடித்தது.

உள்ளே இருந்த கலர் ரோலைக் கழுவ வேண்டுமென்றால் மெட்ராஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஸ்டுடியோவில் இருந்தது கறுப்பு வெள்ளைக்கான மருந்து மட்டுமே. அதில் போட்டாலும் படம் வரும். ஆனால் நிறம் வராது. பிறகு எந்த மருந்தில் முக்கினாலும் வராது.

"வோணாம் அண்ணி," என்றான் கணவனின் தம்பி தங்கதுரை. "ரோடு தொறக்கட்டும். இப்பக் கழுவுனா காலண்டரு ஆர்டரே போயிடும். அண்ணன் வந்து என்னத் தோல உரிச்சித் தொங்க வுட்டுடும்."

"உரிக்கட்டும். அதுக்காச்சும் வரட்டும் தொர."



இருட்டறையின் ஜன்னலுக்குத் தமிழழகன் தார்க்காகிதம் ஒட்டியிருந்தான். கதவைச் சாத்திக் கீழ்ச்சந்தில் கோணியைச் செருகினால் நண்பகலும் நடுநிசிதான். கும்மிருட்டில் விரல்களால் துழாவிச் சுருளைப் பிரித்தாள். மருந்து வாடையையும் மீறி அந்த இலை வாடை எழுந்து அறை முழுக்க நின்றது. யாரோ ஈரத் தலையோடு பக்கத்தில் நிற்பது போல.

சுருள் காய்ந்த பிறகு சிவப்பு பல்பைப் போட்டாள்.

அந்த வெளிச்சத்தைக் கண்டால் இப்போதும் அவளுக்குக் கல்யாணமான புதிது ஞாபகம் வரும். சிவப்புக் கூறைப்புடவையோடு முதன்முதலாக இந்த அறைக்குள் வந்தவள், தன்னைக் குனிந்து பார்த்து அலறிவிட்டாள். புடவை வெள்ளையாகத் தெரிந்தது. நெற்றிக் குங்குமத்தைக் கண்ணாடியில் காணோம். தமிழழகன் விழுந்து விழுந்து சிரித்தான். "பைத்தியமே, இந்த வெளக்குல செவப்பு வெளுக்கும், பச்ச கறுக்கும். அவ்ளோதான்." பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருந்த அவள் கையைத் தூக்கிக் காட்டினான். வளையல்கள் கரியாகத் தெரிந்தன.

இன்றைக்கும் அதே பச்சை வளையல்கள்தான். கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் வேலையைப் பார்த்தாள்.

சுருள் மொத்தத்தையும் ஒரே தாளில் சின்னச் சின்னப் படங்களாகப் போட்டு வெளியே எடுத்து வந்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். மேகம் படுத்த மலைமுகடு. சாமை விளைந்த சரிவு. ஓடை. எல்லாமே சாம்பல் பூத்துக் கிடந்தன.

ஓடைக்குப் பிறகு வந்த படத்தில், பாதையில் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த படத்திலும் அவள். அதற்கடுத்ததிலும். காடு மாறியது, பாறைகள் மாறின. அவளுக்கும் கேமராவுக்கும் நடுவே இருந்த தூரம் மாறவில்லை.

கடைசிப் படத்தில் அவளுக்குப் பின்னால் தமிழழகன் நடந்துகொண்டிருந்தான். கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின.

"அண்ணன் நடக்குது, சரி," என்றான் தங்கதுரை மெதுவாக. "அப்ப இத எடுத்தது யாரு?"



வேடியப்பன் தாளைத் தொடாமல் விலகி நின்றார். "தாயி, அந்தப் பொம்பள கட்டியிருக்கிற பொடவ இன்னா நெறம்?"

"தெரியாதுங்கண்ணா. இதுல எல்லாம் சாம்பலாத்தான் வரும்."

"இன்னொரு தபா கழுவிப் பாரு."

"முடியாதுங்க. இந்த மருந்துல போட்டாச்சி. நெறம் செத்துப்போச்சி."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு யாருக்கோ கேட்டுவிடும் என்பது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க மலையில தனியாப் போறவனுக்கு முன்னால சில நாளு ஒருத்தி நடப்பா. செவப்புப் பொடவ கட்டியிருந்தா அது எங்க ஆத்தா. அவ பின்னாலயே போனா ஊரு சேத்துடுவா. பச்சன்னா நாங்க நின்ன எடத்துலயே ஒக்காந்துடுவோம். ஒரு அடி வெக்க மாட்டோம்."

"அவ பின்னால போனா?" என்றாள் எழில்மதி.

"போனவன் வர மாட்டான் தாயி." துண்டை உதறித் தோளில் போட்டார். "வந்தாலும் தனியா வர மாட்டான்."

செவப்பா, பச்சையா? அந்தச் சுருளுக்குத் தெரிந்திருந்தது. அவசரப்பட்டு அதன் வாயை அவளே அடைத்துவிட்டாள்.

தங்கதுரை சைக்கிளை எடுத்தான். வேடியப்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். "ஓட வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன் அண்ணி. மரம் கெடந்தா சைக்கிளத் தூக்கிக்கினு தாண்டுவோம். தைரியமா இருங்க."

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். பொழுது சாய்வதற்குள் கடைசிப் படத்தைப் பெரிதாகப் போட்டால் புடவையில் கரையோ பூவோ ஏதாவது தெரியும் என்று தோன்றியது. இருட்டறைக்குள் போய்த் தாழ் போட்டுச் சிவப்பு பல்பை எரியவிட்டாள். தாளை மருந்துத் தட்டில் அமிழ்த்தி ஆட்டினாள்.

முதலில் பாறை எழுந்து வந்தது. பிறகு மரங்கள். பிறகு பாதை.

பாதையில் யாருமே இல்லை.

சுருளைத் தூக்கி விளக்கில் பிடித்தாள். அதே படம்தான். அதே பாறை, அதே வளைவு.

இரண்டு பேரும் இல்லை.

முன்கூடத்தில் காலடி கேட்டது. பழகிய காலடி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை.

"மதி."

சுருள் கையிலிருந்து நழுவியது. அவனை விட்டால் அவளை மதி என்று கூப்பிட ஆளில்லை.

"இருட்டுல இன்னாடி பண்ற? கதவத் தொற."

"வந்துட்டியா!" அழுகையும் சிரிப்புமாக ஓடினாள். தாழில் கை வைத்தாள்.

இலை வாடை குப்பென்று வந்தது.

குனிந்து பார்த்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக, கோணியைத் தள்ளிக்கொண்டு ஈரப் புடவைத் தலைப்பு ஒன்று உள்ளே நீண்டு கிடந்தது. நுனியிலிருந்து தண்ணீர் கசிந்து அவள் காலை நோக்கி வந்தது.

சிவப்பாக இருந்தால் இந்த வெளிச்சத்தில் வெளுத்திருக்கும்.

தாழ் மேலிருந்த தன் கையைப் பார்த்தாள். வளையலைப் பார்த்தாள். தலைப்பைப் பார்த்தாள்.

இரண்டும் ஒரே கறுப்பு.

"மதி," என்றது அவன் குரல், கொஞ்சலாக. "அந்த செவப்பு வெளக்க அணச்சிட்டுத் தொற. நாங்க ரெண்டு பேரும் எம்மா நேரம் நிக்கறது?"

அவள் தாழிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

தங்கதுரை திரும்பியபோது மறுநாள் வெயில் ஏறியிருந்தது. ஓடைவரை போய்த் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. வேடியப்பன் மலையிலேயே தங்கிவிட்டார். வீட்டு வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. இருட்டறைக் கதவு மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது.

"அண்ணி! நான்தான்!"

உள்ளிருந்து குரல் வந்தது. "தொர, நீ மட்டுமா கீற?"

"ஆமா அண்ணி."

"கதவுக்குக் கீழ பாரு. இன்னா கீது?"

குனிந்தான். பலகைச் சிராயில் நாலைந்து நூல் மாட்டிக்கொண்டிருந்தன. இன்னும் ஈரம் காயவில்லை. "பொடவ நூலு அண்ணி. பச்ச கலரு."



"அத வுடுங்க," என்றான் அவன். குரலில் உற்சாகம் தாங்கவில்லை. "அண்ணன் எப்ப வந்திச்சி? எங்க, தூங்குதா?"

"யாரு வந்தான்னு சொன்ன?"

"அண்ணன்தான். செருப்பு கெடக்குதே."

வாசற்படிக்கு உள்ளே, செம்மண் சேறு அப்பிய அந்தச் செருப்புகள் பின்கட்டைப் பார்த்தபடி கிடந்தன. அங்கிருந்து வெறுங்காலின் ஈரத்தடங்கள் வீட்டுக்குள்ளே போயிருந்தன. இரண்டு ஜோடிக் கால்கள்.

வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.