கறுப்புக் குங்குமம்

ஃபோன் அலறியது.

மல்லசமுத்திரம். காலை ஒன்பது மணி. சாரதாமணி மாவுக்கையோடு எடுத்தாள்.

"ஏனுங்க... யாருங்க?"

"கப்பல் கம்பெனியிலிருந்து பேசறோம்மா. அர்த்தநாரியோட அம்மாதானே? மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்க மகன் கப்பல் ஏணியிலிருந்து விழுந்துட்டார். கொழும்பு ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்கார்!"

வீலென்று கத்தினாள்.

கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அர்த்தநாரி கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்!

இருபத்திரண்டு வயது. வரும் வெள்ளிக்கிழமை முதல் கப்பல். இன்னும் கடலையே கண்ணால் பார்த்ததில்லை. ஃபோனைப் பிடுங்கினான்.

"விழுந்தது யாருங்க?"

"அர்த்தநாரி."

"நாந்தானுங்க அர்த்தநாரி!"

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம்.

"பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம்... எல்லாம் அந்தப் பேர்லதான் இருக்கு தம்பி. மூணு வாரம் முன்னாடி ஏறினார். அவசரத்துக்கு அம்மா நம்பர்னு ஃபாரத்துல இதுதான் இருக்கு..."

இட்லித் தட்டு சுவரில் போய் விழுந்தது.

"அந்த ஏஜென்ட் குணசீலன்! பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டு ரெண்டு மாசமா 'விசா ஸ்டாம்பிங்ல இருக்குது, ஸ்டாம்பிங்ல இருக்குது'ன்னு எந்தலையில மொளகா அரைச்சிருக்கறான்மா!"

*

சேலம், ஃபேர்லேண்ட்ஸ். கடல் இருக்கும் திசைகூட யாருக்கும் தெரியாத தெருவில், சுவரெல்லாம் கப்பல் படங்களாக ஒரு ஆபீஸ். ஏஜென்ட் குணசீலன் சுழல் நாற்காலியில் சிரித்தபடி இருந்தான்.

எதிரே இன்ஸ்பெக்டர் மைதிலி. அவளுக்கு இருபுறமும் தாயும் மகனும். விபத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று மைதிலி இருவரிடமும் வழியிலேயே சொல்லியிருந்தாள்.

"பையனோட ஒரிஜினல் பாஸ்போர்ட் எங்கே, குணசீலன்?"

"எங்கிட்ட ஏது மேடம்? பையன் குடுத்தது வெறும் ஜெராக்ஸ். ஒரிஜினல் குடுத்திருந்தா ரசீது வாங்கியிருப்பான்ல?"

அர்த்தநாரி மேஜையைக் குத்தினான்.

"பொய்யிங்க மேடம்! நம்ம ஊர்க்காரர்னு ரசீது கேக்காம உட்டுட்டேன். நம்ம ஊர்க்காரனா நீ? த்தூ!"

"பாருங்க, மரியாதையே இல்ல!" குணசீலன் சாரதாமணி பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்களே சொல்லுங்க. இந்த மேஜை மேலயே வெச்சு, நாலு மூலைக்கும் மஞ்சத் தடவி குங்குமம் வெச்சீங்களே... அது ஜெராக்ஸ் மேலதானுங்களே?"

"நாசமாப் போறவனே! புஸ்தகத்து மேலதான்டா வெச்சேன்! 'இதென்ன கல்யாணப் பத்திரிகையா, அழுக்காவுது'ன்னு எம்பையன் எங்கூடச் சண்டை கட்டுனான். நீதான் 'உடுப்பா, அம்மா மனசு'ன்னு இளிச்ச!"

"வயசாச்சு... அக்காவுக்கு மறந்துபோச்சு மேடம்."

"அப்ப அந்த ஜெராக்ஸைக் காட்டு" என்றாள் மைதிலி.

பீரோவைத் திறந்து ஃபைலை நீட்டினான்... பெருமையாக!

"இதானுங்க. பொட்டுகூட அப்படியே இருக்கு பாருங்க."

பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கம். நாலு மூலையிலும் நாலு பொட்டு.

மைதிலி விரலை எச்சில் தொட்டு ஒரு பொட்டைத் தேய்த்தாள். வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ம்ஹூம்!

"ஏம்மா, நீங்க வெச்ச குங்குமம் என்ன நிறம்?"

"செகப்புதானுங்க. திருச்செங்கோட்டுக் கோயில் குங்குமம்."

"இது ஏன் கறுப்பா இருக்கு, குணசீலன்?"

அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"ஜெராக்ஸ் மேல பொட்டு வெச்சிருந்தா சிவப்பா இருக்கணும். ஒரிஜினல்ல பொட்டு வெச்ச பிறகு மெஷின்ல போட்டாத்தான் இப்படிக் கறுப்பா விழும். பொட்டு வெச்சது இதே மேஜையில. அதை நீயே சொல்லிட்டே. அப்ப அதுக்கப்புறம் ஒரிஜினலை மெஷின்ல போட்டது யாரு... உன் தாத்தாவா?"

"மேடம்... அது வந்து..."

"யாருக்குக் குடுத்தே?"

"வக்கீல் வரட்டும்!"

"வக்கீலா? என்னோட வெள்ளிக்கிழமை போச்சேடா!" அர்த்தநாரி பாய்ந்து சட்டையைப் பிடித்தான். மைதிலி தடுக்கவில்லை. மெதுவாகத்தான் விலக்கினாள்!

அவளுடைய ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், கப்பல் கம்பெனி. கொழும்புல விழுந்தாரே, அந்தப் பையனுக்கு இன்னும் நினைவு வரல. வலது கால் நசுங்கிப்போச்சு. காலை எடுக்க ரத்த சொந்தத்தோட சம்மதம் வேணும்னு டாக்டர் கேக்கறார். ரெண்டு மணிக்குள்ள! அந்தம்மா 'என் பையன் இல்ல'ங்கறாங்க. அப்ப அவர் யார் பெத்த பிள்ளை?"

குணசீலன் நாற்காலியோடு சாய்ந்தான்.

"சபரி...! ஐயோ, சபரிநாதா!"

"யாரது?"

"எம்பையன் மேடம்! என் ஒரே பையன்! அவனுக்குப் பச்சைக்கும் செகப்புக்கும் வித்தியாசம் தெரியாது... கண் டெஸ்ட்ல தள்ளிட்டாங்க. அதான் பாஸான பையன் பேப்பர்ல... முகச்சாயல் ஒண்ணாட்டம் இருந்துச்சு... ஏத்திவிட்டுட்டேன்!"

சாரதாமணி அவன் எதிரே போய் நின்றாள். முகமெல்லாம் ஆத்திரம்!

"கண்ணு தெரியாத புள்ளைய ஏணி ஏத்துனியே, நீயெல்லாம் அப்பனா? எம்பையன் பொழப்பையும் கெடுத்து, உம்புள்ள காலையும் முறிச்சிட்டியேடா! மசமசன்னு நிக்காம கையெழுத்துப் போட்டுத் தொலை. அந்தப் புள்ள உசுராவது பொழைக்கட்டும்!"

வாசலில் நின்றிருந்த கான்ஸ்டபிள் வந்து நீட்டிய பேனாவைக் குணசீலன் வாங்கிக்கொண்டு ஃபோனைப் பார்த்துக் கதறினான்.

"நான்தான் சார் அப்பா! எங்க வேணா கையெழுத்துப் போடறேன்!"

"நீங்கதான் அப்பான்னு நாங்க எப்படி நம்பறது? பாஸ்போர்ட்ல வேற பேர் இருக்கே. பர்த் சர்ட்டிஃபிகேட்டை உடனே அனுப்புங்க!"

பீரோவைக் குடைந்து ஒரு தாளை உருவினான் குணசீலன்.

மைதிலி அர்த்தநாரியின் தோளைத் தொட்டாள். "புது பாஸ்போர்ட்டுக்கு நான் லெட்டர் தர்றேன். அடுத்த கப்பல்ல நீ போவே."

அவன் தலையாட்டினான். குணசீலனின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். முதல்முறையாகச் சிரித்தான்.

"ஒரிஜினலா அனுப்புங்ணா... ஜெராக்ஸ் செல்லாது!"