அரண்மனைக்குள் சுகந்தி!

போன் அலறியது.

சுவிஸின் லாங்கன்தாலில் ஞாயிறு மத்தியானம். கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் இரும்பு தூக்கிய தவச்செல்வன், கட்டிலில் கிடந்தபடியே எடுத்தான்.

"உன்ர மனுசி எங்க?"

கரகரத்த குரல். தெரியாத நம்பர்!

"லண்டன்ல... கலியாண வீட்டுக்குப் போனவ. நீர் ஆர்?"

"இப்ப ஹென்றி ராசாவின்ர அரண்மனையில நிக்கிறா. பச்சைச் சீலை. பின்னால எங்கட ஆள். அந்த ராசா பெண்சாதிமாரின்ர தலையை எடுத்தவன்... தெரியுமோ?"

துள்ளி எழுந்தான்.

"வீட்டு நகை முழுக்கக் கீழ வாஷ்கூச்சேயில, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள்ள போடு. பொலிசுக்குப் போனா..."

தொடர்பு அறுந்தது.

சுகந்தியை அழைத்தான். மணியே அடிக்கவில்லை. மறுபடி... மறுபடி...!

மேல்மாடிக்கு ஓடினான். அங்கே கோபிசன். சுகந்தியின் தம்பி. அந்தக் கட்டிடத்தைக் கூட்டித் துடைத்துப் பராமரிப்பவன்.

"அக்காவையோ!" கோபிசன் பதறினான். இடுப்பில் திறப்புக் கோர்வை குலுங்கியது. "குடுத்திடுங்கோ அத்தான்! நகையோ பெரிசு?"

"பொலிசுக்கு..."

"இந்தப் பொலிஸ் லண்டனுக்குப் போய்ச் சேர முந்தி அக்கான்ர தலை உருண்டிடும்!"

இருவரும் கீழ்வீட்டுக்கு வந்தார்கள். தவச்செல்வன் அரிசி வாளிக்குள் கையை விட்டான். பாத்திரம் கழுவியும் பனி வழித்தும் சேர்த்த நகை!

வாஷ்கூச்சேக் கதவு திறந்தே கிடந்தது. போட்டான். வீட்டுக்கு ஏறி வந்து தரையில் குந்தினான். பக்கத்தில் கோபிசன்.

இரும்பு தூக்குகிற கைதான். கடலுக்கு அப்பால் நிற்கிறவளுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

போன்! ஸ்பீக்கரைத் தட்டினான்.

"இஞ்சருங்கோ..."

"சுகந்தி! உயிரோட இருக்கிறியோ?"

"செத்தே கதைக்கிறன்? அரண்மனைத் தோட்டத்தில செடிவேலிச் சுழலுக்குள்ள வழி தெரியாமல் சுத்திப்போட்டு இப்பதான் வாசலுக்கு வந்தனான். ரோமிங் பில்லுக்குப் பயந்து போனை நிப்பாட்டினது. காலமை வாசல்ல வைஃபை கிடைச்சோடன ஸ்டேட்டஸ்ல படம் போட்டன், பாக்கேல்லையோ? ராசாவின்ர குசினி எங்கட வீட்டைவிடப் பெரிசப்பா!"

ஸ்டேட்டஸ்! பச்சைச் சீலை!

விக்கி விக்கிச் சொன்னான்.

"அட, அது கவரிங்! நல்லது முழுக்க என்ர கழுத்தில. கலியாண வீட்டுக்கு வெறுங்கழுத்தோட போவனோ?"

"கவரிங்கோ?!"

கத்தியது... கோபிசன்!

தவச்செல்வன் மெல்லத் திரும்பினான்.

"ஞாயிறில வாஷ்கூச்சே பூட்டியெல்லோ கிடக்கும். திறப்பு உன்னட்ட மட்டும்தானே... ஆரடா திறந்தது?"

கோபிசனின் கை திறப்புக் கோர்வையைப் பொத்தியது.

"போனை அவனிட்டக் குடுங்கோ!" என்றாள் சுகந்தி.

"அக்கா... வந்து..."

"தம்பி, ஹென்றி ராசா பெண்சாதிமாரோட நிப்பாட்டிப்போட்டார். நாளைக்கு நான் வாறன்... கழுத்தைக் கழுவி வை!"