கருவகத்திலேயே படிப்பை நிறுத்தியவள்

மகளின் அரைப்பருவத் தேர்வு முடிவைத் தெரிந்துகொள்ள நப்பின்னையும் திருமாறனும் சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். மகள் இன்னும் பிறக்கவில்லை. அதற்குப் பதினோரு வாரம் இருந்தது.

சிறுசேரியில் யாரும் வயிற்றில் பிள்ளை சுமப்பதை விட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கருவகம் என்று ஏழு மாடிக் கட்டடம். மாடிக்கு நாற்பது கருப்பேழைகள். பூசணிக்காய் அளவில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற பைகள். வெதுவெதுப்பான நீர், தொப்புள்கொடிக்கு உணவு, பக்கத்திலேயே அம்மாவின் இதயம் போலத் துடிக்கும் ஒரு சின்னக் கருவி. எதிலும் குறை வைக்க மாட்டார்கள். இருபத்தைந்தாவது வாரத்தில் காது கேட்கத் தொடங்கியதும் பள்ளிக்கூடமும் தொடங்கிவிடும். கருவாசான் என்னும் இயந்திரம் பேழையோடு ஒட்டிக்கொண்டு வாய்ப்பாடும் மூன்று மொழி இலக்கணமும் ஓதும். குழந்தையின் மூளை எங்கே மின்னுகிறது, எத்தனை முறை உதைக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடும்.

"நாற்பத்தொன்றாம் எண்ணின் பெற்றோரா? உட்காருங்கள்," என்றது கருவாசான். அதன் குரலில் வருத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. "குழந்தைக்கு ஆர்வம் போதவில்லை. ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் தூக்கம். விழித்திருக்கும்போது விரல் சூப்புகிறது. பதினாறாம் வாய்ப்பாடு தொடங்கினால் அப்படியே திரும்பி முதுகைக் காட்டுகிறது. முதுகு என்பதை மரியாதைக்காகச் சொல்கிறேன்."

திருமாறன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "பக்கத்துப் பேழை எப்படிப் பண்ணுது?"

"ரெஜினா அம்மையாரின் குழந்தை இருபதாம் வாய்ப்பாட்டில் இருக்கிறது."

ரெஜினா அவர்கள் அடுக்ககத்திலேயே எதிர்வீடு. திருமாறன் மனைவியைப் பார்த்த பார்வையில், இனி மின்தூக்கியில் எப்படி ஏறுவது என்ற கவலை இருந்தது.

"இரண்டு வழி உண்டு. கவனமூட்டும் மருந்தைக் கொடி வழியாகச் செலுத்தலாம். அல்லது பாடம் முடியும் வரை பிறப்பைத் தள்ளிப்போடலாம்," என்றது கருவாசான்.

"தள்ளிப்போட்டுடலாம்," என்றான் திருமாறன். "ஒரு ரெண்டு மாசம்தானே?"

நப்பின்னை பேழைமேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். உள்ளே குழந்தைக்கு விக்கல் எடுத்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் அந்தச் சின்ன உடம்பு தூக்கிப் போட்டது. போட்டதும் ஆச்சரியப்பட்டதுபோல இரண்டு கையும் விரிந்தன. நப்பின்னை சிரித்துவிட்டாள்.

"பாடத்தை நிறுத்திடுங்க."

"தற்காலிகமாகவா?"

"மொத்தமா."

"நப்பி, உனக்குப் பைத்தியமா?" என்று எழுந்தேவிட்டான் திருமாறன்.

"வெளிய வந்தா அறுபது வருஷம் ஏதாவது படிச்சிட்டுத்தான் இருக்கப் போறா, மாறா. பதினோரு வாரம் தூங்கிட்டுப் போகட்டும்."

கருவகத்தின் வரலாற்றில் படிப்பைப் பாதியில் நிறுத்திய முதல் கரு அதுதான் என்று சான்றிதழில் குறித்துக் கொடுத்தார்கள்.

இரண்டு குழந்தைகளும் ஒரே வாரத்தில் பிறந்தன. பிறந்தவுடன் தொண்டையில் குரல்வில்லை ஒட்டுவது வழக்கம். நாக்கு திரும்பும் முன்பே எண்ணத்தைப் பேச்சாக்கிவிடும். ரெஜினாவின் மகள் ஜெனோவா கண் திறந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். துளிர் என்று பெயரிடப்பட்ட நப்பின்னையின் மகள் வீறிட்டாள். வில்லை அதை எவ்வளவோ மொழிபெயர்க்கப் பார்த்து, கடைசியில் சூடாகி உதிர்ந்துவிட்டது.

பத்து மாதத்தில் ஜெனோவா தன் தடுப்பூசி அட்டவணையைத் தானே சரிபார்த்தாள். துளிருக்கு ஒரே தொழில்தான்: கையில் கிடைத்ததைக் கீழே போடுவது. கிண்ணம், செருப்பு, அப்பாவின் கண்ணாடி. போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுவாள். திருமாறன் விருந்தினர் வந்தால் அவளை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினான். நப்பின்னை ஒவ்வொரு முறையும் போய் அதைத் திறந்துவிட்டாள். ஆனால் தனியாக இருக்கும்போது, தான் செய்தது சரிதானா என்று அவளுக்கும் சந்தேகம் வந்தது.

பதினோராம் மாதம் கடற்கரைச் சாலைப் பெரிய பள்ளியில் நேர்காணல். தலைமையாசிரியை சௌந்தரநாயகி இரு குழந்தைகளையும் எதிரே உட்கார வைத்து, ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்.

"துருப்பிடிக்காத எஃகு," என்றாள் ஜெனோவா. "குரோமியம் பதினெட்டு விழுக்காடு." பிறகு கரண்டியை மேசையில் நேராக வைத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டாள்.

துளிர் கரண்டியைக் கீழே போட்டாள். ணங்! எட்டிப் பார்த்தாள். கை நீட்டினாள்.

தலைமையாசிரியை குனிந்து எடுத்துக் கொடுத்தார். ணங்! மறுபடி கொடுத்தார். ணங்! இருபதாவது தடவை திருமாறன் எழுந்து, "மன்னிச்சிடுங்க மேடம், நாங்க கிளம்பறோம்," என்றான்.

"பேசாம உக்காருங்க," என்றார் சௌந்தரநாயகி. அவர் கண் கலங்கியிருந்தது. "ஏழு வருஷமா இந்தச் சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். வர்ற பிள்ளைங்க எல்லாத்துக்கும் எல்லாப் பதிலும் தெரியுது. போட்டா விழுமான்னு பாக்க ஒண்ணுக்குக்கூடத் தோணல. விழும்னுதான் ஏற்கெனவே சொல்லிக்குடுத்துட்டாங்களே!"

துளிருக்கு அங்கேயே இடம் கொடுத்தார்கள். ஆனால் ஜூன் மாதம் இரண்டு பிள்ளைகளையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வோம் என்றார்கள். திருமாறன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மின்தூக்கி காலியாக இருந்தும், நான்கு மாடியும் படியேறி ஒவ்வொரு வீட்டிலும் சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமையே தெருமுனையில் ஒரு பலகை முளைத்தது: 'கைநழுவல் பயிற்சி மையம். எட்டு மாதம் முதல். ஜூன் நேர்காணலுக்குச் சிறப்பு வகுப்பு.' ரெஜினா முதல் பேட்சிலேயே ஜெனோவாவைச் சேர்த்தாள். நப்பின்னை இரண்டு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாம் வாரம் மின்தூக்கியில் ஜெனோவா கிலுகிலுப்பையைக் கீழே போட்டாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் விரிய, புருவம் சரியாக உயர, அப்படி ஓர் அழகு.

"இப்ப அஞ்சு விதமாப் போடுறா," என்றாள் ரெஜினா. "துளிர் இன்னும் அந்த ஒரே விதம்தானா?"

அடுத்த நாள் காலை நப்பின்னை மையத்தில் இருந்தாள். பயிற்சியாளர் கழுத்தில் விசில் தொங்கவிட்ட இளம்பெண். துளிர் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். துளிர் அதைப் போட்டுவிட்டு, சத்தம் கேட்டுக் கெக்கலித்தாள்.

பயிற்சியாளர் உச்சுக்கொட்டினாள். "யாருங்க சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்ல. தானா வருது."

"அதாங்க பிரச்சினையே. தானா வந்ததை முதல்ல மறக்கடிக்கணும். நாலு வாரம் தியரி மட்டும். அதுவரைக்கும் வீட்ல எதையும் கீழ போட விடாதீங்க, பழக்கம் கெட்டுடும்."

துளிர் கரண்டி கேட்டுக் கை நீட்டினாள். நப்பின்னை அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேணாம் செல்லம். ஒழுங்கா கத்துக்கிட்டு அப்புறம் போடலாம்," என்றவள் நிமிர்ந்து கேட்டாள். "காலை பேட்ச்ல இடம் இருக்குங்களா?"