சட்டைப்பையில் ரோட்டர்

நேற்றுதான் சார்ஜ் ஏற்றிய பாட்டரி மறுபடியும் செத்திருந்தது.

டாக்சி இரண்டு நாளாக அசையவில்லை. தாராவிச் சந்து முனையில், தோல் ஊறும் நாற்றத்துக்கும் ஈரச் சாக்கு வாசனைக்கும் நடுவில், மழையில் நனைந்துகொண்டு நின்றது. சந்தியாகு பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கினான்.

"காசிம், வண்டிய எவனும் தொட்டானாவே?"

பக்கத்துப் பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்த காசிம் நிமிரவில்லை. "ரோட்டரு ஒம்ம பையில கெடக்கு. எடுக்கிறவன் தலையிலயா தூக்கிட்டுப் போவான்? நாளைக்கு கோவண்டியிலருந்து பழைய வண்டி வாங்குறவன் வாறான்லா, வித்துத் தொலையும்வே."

சந்தியாகு சட்டைப்பையைத் தொட்டான். இருந்தது. கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு. எஞ்சினில் சுழன்று, இக்னிஷன் காயில் அனுப்பும் மின்சாரத்தை நான்கு ஸ்பார்க் பிளக்குக்கும் பங்கு வைப்பது அதுதான். அது இல்லாமல் சாவியைத் திருகினால் எஞ்சின் இழுக்கும், முனகும், பற்றாது. அதனால், திருட்டுக்குப் பயந்த டாக்சிக்காரர்கள் ரோட்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவார்கள்.

போன மாதம் ஞானஸ்நான விருந்துக்கு லோக்கல் ரயிலில் கல்யாண் போனபோதும் கொண்டுபோனான். அன்றுதான் அவன் மனைவி இருதயமேரிக்குப் பிரசவ வலி கண்டது. காசிமுக்கு வண்டி ஓட்டத் தெரியும். ரோட்டர் விஷயம் அன்று தெரியாது. அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, பாட்டரி சாகும்வரை சாவியைத் திருகினான். "அவுக வந்துருவாக அண்ணே. நீங்க போட்டுக்கிட்டே இருங்க" என்றாளாம், முன்சீட்டில் முழங்காலை ஊன்றி முக்கிக்கொண்டே.

கைவண்டியில் ஆஸ்பத்திரி சேர்ந்தபோது அவளும் இல்லை, வயிற்றுப் பிள்ளையும் இல்லை.

வீட்டில் விளக்கு வைக்கும் நேரம். தகரக் கூரையில் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், இழுத்து, தேய்ந்து, நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுக்கும் ஒரு சத்தம்.

ஸ்டார்ட்டர்.

பாட்டரி அவன் காலடியில் இருந்தது. சாவிகள் ஆணியில்.

ஓடினான். வண்டிக்குள் யாருமில்லை. சத்தம் நிற்கவில்லை. பெட்ரோல் நெடி. அவளும் இப்படித்தான் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பாள்.

"நில்லும்வே! கிட்டப் போவாதீரும்!" காசிமின் குரல்.

சந்தியாகு பானெட்டைத் திறந்தான். பாட்டரி இருந்த இடத்தில் மழைத்தண்ணீர். சத்தம் சட்டென்று நின்றது. காத்திருப்பதுபோல.

ரோட்டரைப் பொருத்தினான். அதன்மேல் மூடியை அழுத்தினான்.

எஞ்சின் பற்றிக்கொண்டது.

ஏறி உட்கார்ந்தான். "வந்துட்டேன் மேரி. போயிருவோம்."

முதுகில், சீட்டுக்குப் பின்னாலிருந்து, ஒரு முழங்கால் அழுத்தியது.

கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அழுத்தம் தளர்ந்தது. பின்னால், கீழே, கால் வைக்கும் இடத்தில், ஒரு பச்சைப்பிள்ளை தும்மியது.