இரண்டாவது கருவி

காலை ஷிப்ட் தொடங்கியபோது கருவியறையில் இருந்தவர்கள்: உணரி மாற்றும் பிரகாசி, குழாய் பழுதுபார்க்கும் அவள் கணவன் கஸ்பார், கதவுக் காவலர் வேதமுத்து. மூன்று பேர்தான்.

பிரகாசி கஸ்பாரின் வளிமானியைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினாள். காற்றில் விஷவாயு கலந்தால் அலறும், உள்ளங்கையில் அடங்கும் கருவி. வெளிக்காற்று புகாமல் மூடிய ஊரான உப்பளத்து அடைப்பூரில் எல்லோர் சட்டையிலும் ஒன்று தொங்கும். அதன் உணரிக்கு ஆயுள் இரண்டு வருடம். அதன்பின் விஷவாயு மூக்கில் ஏறினாலும் சும்மா இருக்கும். பழையதை நெம்பி எடுத்துப் புதியதைப் பொருத்தினாள். கால் மணி நேரம் விட்டுச் சோதனை வாயுவைக் காட்டினாள். கருவி ஒழுங்காக அலறி அடங்கியது.

"புது மாடல். பழசவிட நூறு மடங்கு ரோஷம்," என்றாள்.

"ஒன்ன மாதிரின்னு சொல்லு," என்றான் கஸ்பார். வேதமுத்து சிரித்தார்.

அவன் அதைச் சட்டையில் மாட்டினான். அது மறுபடி அலறியது.

கருவியில்தான் கோளாறு என்று நினைத்தாள். எந்த அளவீட்டையும் இன்னொரு கருவியில் சரிபார்ப்பது அவள் கைப்பழக்கம். வேதமுத்துவின் வளிமானிக்கு நேற்றுதான் புது உணரி போட்டிருந்தாள். அதை வாங்கிக் கணவனின் வாயருகே பிடித்தாள். அதுவும் அலறியது. திரையில் 'அசிட்டோன்' என்று வந்தது.

பிடித்தபிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

வெளியே முகமூடி இல்லாமல் மூச்சுவிட முடியாது. உள்ளே நானூறு பேருக்கு ஒரே காற்று. அதைத்தான் சுத்தம் செய்து திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டும். இரண்டு கருவிகளை அலறவைப்பது ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போகவேண்டும். அடுப்புகள் போயிருக்கின்றன, வீங்கிய பேட்டரிகள் போயிருக்கின்றன. ஒருமுறை ஒரு கட்டில் போனது.

கஸ்பாருக்குச் சர்க்கரை. இன்சுலினைப் பாதியாகக் குறைத்து மூன்று மாதம் ஆகிறது. மருந்து போதாமல் உடம்பில் ஊறும் அசிட்டோன், அவன் மூச்சில் அழுகிய பழ வாடையாக அடிப்பதை அவள் படுக்கையில் உணர்ந்திருந்தாள். பேசாமல் இருந்துவிட்டாள்.

அவசரமாகப் பழைய உணரியை எடுத்து அவன் கருவியில் செருகினாள். 'காலாவதி' என்றது கருவி. கழற்றிய உணரியை ஏற்காத அந்தப் பூட்டு வேண்டுமென்று போன வருடம் எழுதிக் கேட்டவள் அவள்தான்.

"அண்ணாச்சி, இது மூச்சு. கசிவில்ல."

"ஆளா பொருளான்னு அது கேக்காது தாயி. ரெண்டு கருவி கத்தியாச்சு, தகவல் மேல போயிருச்சு."

"மருந்தப் பாதியாக்குனதே மேல உள்ளவங்கதான? அத யாருட்ட சொல்ல?"

"எங்கிட்ட சொல்லி என்னத்தக் கிழிக்க?"

கஸ்பார் சுவரிலிருந்த முகமூடியை எடுத்தான். "இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ரெண்டு மணி நேரம்," என்றார் வேதமுத்து.

"பக்கத்து அடைப்பூரு?"

"ஆறு மணி நேர நட."

"ஓடுனா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் முகமூடியை மாட்டினான். கருவிகள் இரண்டும் அடங்கின.

"பாருங்க, கத்தல! இப்படியே இருந்துக்கிடட்டும்," என்றாள் பிரகாசி.

"எப்படித் தாயி சாப்பிடுவான்?"

"அப்ப நானும் போறேன்."

"ஒனக்குக் கருவி கத்தலயே. கதவு ஒன்ன விடாது."

கஸ்பார் அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு நடந்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முகமூடியை மாட்டினால் கழுத்து திரும்பாது. அவன் ஊரின் வெளிவாசலைத் தாண்டியதும் வேதமுத்து கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று சுற்றினார்.