பச்சைக் கைப்பட்டை

தீர்த்தா ஒரு வருஷமாக மும்முரமாக வளர்ந்துகொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் வளரத்தான் செய்கிறார்கள். ஆனால் இவள் அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டாள். பிடிக்காத பாலை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கொய்யா மரக் கிளையில் வௌவால் மாதிரித் தொங்கினாள். எல்லாம் கருடனுக்காக.

கருடன் என்பது பொழுதுபோக்குப் பூங்காவில் இருக்கும் ராட்சத ஊஞ்சல். மேலே போய், தலைகீழாகத் திரும்பி, கீழே பாயும். அதன் வாசலில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு. தலை அந்தக் கோட்டைத் தொட்டால்தான் ஏற விடுவார்கள். போன ஓணத்துக்குப் போனபோது தீர்த்தாவின் தலை கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.

இந்த ஓண விடுமுறையில் அவளையும் தம்பி ஆரோமலையும் அப்பூப்பன் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அப்பூப்பன், அம்மாவின் அப்பா. பெயர் சதாசிவன். ஆனால் ஊரில் போய் சதாசிவன் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். 'முழு டிக்கெட் சதாசிவன்' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால்தான் அரை டிக்கெட். "பையனுக்குப் பதினொண்ணுதான் ஆகுது" என்று யாராவது அரை டிக்கெட் கேட்டால், குனிந்து பையனிடமே, "மோன் எந்த கிளாஸ் படிக்கிறே?" என்று அன்பாக விசாரிப்பார். பையன் நெஞ்சை நிமிர்த்தி, "எட்டாங் கிளாஸ்" என்பான். அப்புறம் என்ன, முழு டிக்கெட்தான்.

கிளம்பும்போது அம்மா தீர்த்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பூப்பன் பென்ஷன் பணத்தில் கூட்டிப் போகிறார், அது வேண்டும் இது வேண்டும் என்று பிடுங்கி எடுக்காதே என்று சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு தீர்த்தாவின் மனதிலேயே நின்றது.

பூங்காவின் நுழைவாசலிலும் ஒரு கம்பம் இருந்தது. அதே உயரத்தில் அதே சிவப்புக் கோடு. தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட். அதைப் பார்த்ததும் வகுப்புத் தோழி ஃபிதா சொன்ன யோசனை தீர்த்தாவுக்கு ஞாபகம் வந்தது. முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் போதும், நீளப் பாவாடைக்குள் யாருக்குத் தெரியப்போகிறது, எல்லாரும் செய்வதுதானே என்று ஃபிதா சொல்லியிருந்தாள்.

தீர்த்தா கட்டியிருந்தது கணுக்கால் வரை தொங்கும் ஓணப் பட்டுப் பாவாடை.

அப்பூப்பன் இரண்டு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட் என்றுதான் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் பிள்ளைகளைக் கம்பத்தருகில் நிறுத்தச் சொன்னாள். தீர்த்தா போய் நின்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு முட்டியை மடக்கினாள்.

"பாப்பா கோட்டுக்குக் கீழதான் சாரே. அரை போதும்" என்றாள் அந்தப் பெண்.

அப்பூப்பன் பேத்தியை ஆச்சரியமாகப் பார்த்தார். "நல்லா வளந்துட்டான்னுல்ல நினைச்சேன். சரி, கம்பம் சொன்னா சரிதான்" என்றார். அவர் கையில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பச்சை.

பாவாடை உயரமே இருந்த ஆரோமலின் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. "சேச்சி, அங்க நீ ஏன் குட்டையாயிட்டே?" என்று கேட்டான். தீர்த்தா அவன் வாயைப் பொத்தினாள்.

மிச்சமான பணத்தில் அப்பூப்பன் இருவருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். தீர்த்தாவுக்குப் பிடித்த பலாப்பழ ஐஸ்கிரீம்தான், ஆனாலும் பாதியை ஆரோமலிடம் கொடுத்துவிட்டாள். அப்பூப்பனுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் மடக்கினாள். அப்படியென்றால் ஏன் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை? பச்சைப் பட்டை கையில் அரித்துக்கொண்டே இருந்தது. ஆரோமலுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கண்ட கண்ட கம்பத்தருகில் எல்லாம் கால் கட்டை விரலில் எம்பி நின்று பார்த்தான்.

மத்தியானம், எதற்கும் இன்னொரு தடவை அளந்து பார்க்கலாம் என்று அப்பூப்பன் சொல்ல, கருடன் வரிசைக்கு வந்தார்கள். கருடனில் ஏற்றிவிடும் பையன் தீர்த்தாவைக் கம்பத்தில் நிறுத்தினான். அவள் நன்றாக நிமிர்ந்து நின்றாள். தலை கோட்டைத் தாண்டியே இருந்தது. அவன் அவளுடைய தலையைப் பார்த்தான், கைப்பட்டையைப் பார்த்தான், பிறகு அப்பூப்பனைப் பார்த்தான்.

"என்ன சாரே, வாசல்ல குட்டை, இங்க வந்ததும் நெட்டையா? பாப்பாவுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

வரிசை சிரித்தது. தான் முழு டிக்கெட்தான் கேட்டதாக அப்பூப்பன் சொன்னார். மாட்டிக்கொண்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றான் அவன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். "இது நம்ம முழு டிக்கெட் சதாசிவன்ல? சின்ன வயசுல எனக்கு அரை டிக்கெட் கேட்டதுக்கு, எங்க அம்மாவை பஸ் முழுக்கக் கேக்கற மாதிரி பேசினாரு. இப்ப சொந்தப் பேத்தின்னதும் அரையா?"

அப்பூப்பனின் கை, முன்பு கண்டக்டர் பை தொங்கிய தோளைத் தடவிக்கொண்டு நின்றது. கண்கள் தரையைப் பார்த்தன.

தீர்த்தாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இப்போதே இங்கிருந்து போய்விடலாம். ஆனால் அப்பூப்பனின் நல்ல பேர் இங்கேயே கிடக்குமே.

"அப்பூப்பனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் முட்டிய மடக்கினேன்."

"ஆமா, நான் பாத்தேன். இப்படி" என்று ஆரோமல் அதைச் செய்தே காட்டினான்.

வரிசை மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் முள் இல்லை. ஆனால் தீர்த்தாவின் கண்ணீர் நிற்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று அப்பூப்பன் கேட்டார். பென்ஷன் பணம் என்று அம்மா சொன்னதை அவள் விக்கி விக்கிச் சொன்னாள்.

அப்பூப்பன் மேல்துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார்.

"என் பென்ஷன், உன் தலை இடிக்கிற அளவுக்குக் குட்டை இல்ல மோளே. நிமிந்து நில்லு."

அப்புறம் மீசைக்காரர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு உங்க அம்மாகிட்ட மெதுவாச் சொல்லியிருக்கலாம். நாலு பேரு முன்னால தலைகுனிஞ்சு நிக்கறது எப்படின்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் வருத்தப்பட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன் சாரே. அம்மா உங்களைத் திட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க" என்று அவர் மீசையைச் சொறிந்தார். அவர்கள் போய்விட்டு வரும்வரை வரிசையில் இடம் பிடித்து வைப்பதாகவும் சொன்னார்.

வாசலில் கவுண்டர் பெண்ணிடம் தீர்த்தாவே நடந்ததைச் சொன்னாள். அது கருடனில் தலைகீழாகத் தொங்குவதைவிடப் பயமாக இருந்தது. அப்பூப்பன் மீதிப் பணத்தைக் கட்டினார். பச்சைப் பட்டையை வெட்டிவிட்டு மஞ்சளைக் கட்டினார்கள். அந்தக் கையைத் தூக்கிக்கொண்டே அவள் கருடனில் ஏறினாள், அலறினாள், இறங்கியதும் மறுபடியும் ஏறினாள்.

சாயங்காலம் பஸ்ஸில் இளம் கண்டக்டர் வந்தார். அப்பூப்பன் பேத்தியைப் பார்த்தார். 'நீயே சொல்லு' என்கிற மாதிரி இருந்தது.

"எனக்குப் பதினொண்ணு. அரை டிக்கெட்" என்றாள் தீர்த்தா.

கண்டக்டர் அவளை மேலும் கீழும் அளந்தார். பார்த்தால் பதிமூணு மாதிரி அல்லவா இருக்கிறது என்றார். தீர்த்தாவுக்கு முகம் சுட்டது. காலை முதல் செய்ததெல்லாம் கண்முன் வந்தது. இருந்தாலும் அவள் முட்டியை மடக்கவில்லை. நேராக நின்றாள்.

"உயரத்தைப் பாக்காதீங்க. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பூப்பன்.

கண்டக்டர் தயங்கினார். அப்பூப்பன் விடவில்லை. அடுத்த நிறுத்தம் வரும்வரை முழு டிக்கெட் சதாசிவன், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு அரை டிக்கெட்டுக்காக வாதாடிக்கொண்டே போனார்.